முளை

முதலில் வந்தவன் ரஷ்யன்.
என் கோவேறு கழுதைகள் ஒன்பதையும் வாடகைக்குப் பிடித்தான்.
அளவுச் சங்கிலி, முக்காலியில் நிற்கும் பித்தளைக் கண்,
ஒரு சமோவார்,
தலையில் சிவப்புச் சாயம் தோய்த்த எழுநூறு முளைகள்.
பீர்ஜந்திலிருந்து தெற்கே
உப்புப் பாலையின் ஓரமாக நடந்தோம்,
அவன் எண்ண, நான் அடிக்க.
“இந்த வழியே ரயில் போகும், சஃபர்கோலி,
கடல் வரைக்கும்.”
கடல் எப்படி இருக்கும் என்று கேட்டேன்.
கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்:
“எங்களிடம் இருப்பது உறைந்துபோகிறது.”

நாங்கள் திரும்புவதற்குள்
தேஹ்நமக் ஊரார் முளைகளைப் பிடுங்கி
ரொட்டி சுட்டிருந்தார்கள்.
அங்கே விறகு ஏது, ஒட்டகச் சாணம்தான்.
எழுநூறு முளை என்றால்
ஒரு முழுக் குளிர்காலம்.

மறு வசந்தத்தில் ஆங்கிலேயன்.
தொப்பி வேறு, சங்கிலி வேறு,
கழுதைகள் அவையேதான்.
அவன் முளைகளுக்கு வெள்ளைத் தலை.
ரஷ்யன் எங்கெங்கே அடித்தான் என்றான்.
குழிகளைக் காட்டினேன்.
சொத்தைப் பல் எண்ணும் வைத்தியனைப்போல்
ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக் குறித்துக்கொண்டான்.
உங்கள் ரயில் எதுவரை போகும் என்று கேட்டேன்.
“போகாது.
அவர்களுடையதும் போகக் கூடாது,
அதற்குத்தான் அளக்கிறேன்.”
கூலிக்கு மேலே இரண்டு கிரான் வைத்தான்,
எனக்கு இது விளங்காமல் இருக்க.

பிறகு ஒரு ஜெர்மானியன்,
தோல் வியாபாரி என்று சொல்லிக்கொண்டு.
ஒரு தோலும் வாங்கவில்லை.
அவன் முளைகள் இரும்பு.
அதைக் கையில் வாங்கிய கொல்லன் யதுல்லாவுக்குக்
கண் கலங்கிவிட்டது, அப்படிப்பட்ட இரும்பு.
இன்றைக்கும் என் கழுதைகளில் மூன்று
பெர்லின் மேல்தான் நடக்கின்றன.

தெஹ்ரான் சங்கதி எல்லாம்
தந்தி ஆபீஸ் மீர்சா ஃபத்ஹல்லா சொல்லி அறிந்ததுதான்.
காலையில் ஒரு தூதர்
வைரம் பதித்த மூக்குப்பொடி டப்பாவோடு போவாராம்.
மாலையில் இன்னொருவர்,
அதைவிடக் கனமான டப்பாவோடு.
மந்திரி இருவருக்கும் தலையாட்டுவாராம்.
தலை ஒன்று, ஆட்டமும் ஒன்று.
கடைசியில் ஒரு காகிதத்தில் முத்திரை விழுந்தது:
இன்னும் பத்து வருஷத்துக்கு இந்த நாட்டில்
யாரும் தண்டவாளம் போடக் கூடாது,
ஷாவும்கூட.

வைக்கோற்போரில் ஒரு நாய் படுத்துத்தான் பார்த்திருக்கிறோம்.
இங்கே இரண்டு,
ஒன்றை ஒன்று முறைத்தபடி, ஒரே போரில்.
மீர்சா சிரித்தார்,
சத்தமில்லாமல்.
கம்பியும் அவர்களுடையதல்லவா.

அந்த வருஷம் மழை வரவில்லை.
மறு வருஷமும்.
சீஸ்தானில் கோதுமை களத்திலேயே கிடந்து
புழுத்துக்கொண்டிருந்தது.
பதினான்கு நாள் தூரம்.
ஒன்பது கழுதைகள் எத்தனை மூட்டை சுமக்கும்?
அதில் மூன்றில் ஒரு பங்கை
வழியில் அவையே தின்னும்.
நான் படிக்காதவன்தான்,
இந்தக் கணக்கு மட்டும் தூக்கத்திலும் வரும்.

மிச்சத்தோடு தேஹ்நமக் போய்ச் சேர்ந்தபோது
எந்தக் கூரையிலும் புகை இல்லை.
முதல் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது.
தந்தூர் அடுப்பின் பக்கத்தில்
வெள்ளைத் தலை முளைகள் ஒரு கட்டு,
ஆட்டுமயிர்க் கயிற்றால் இறுக்கிக் கட்டி,
ஒன்றுகூட எரிக்காமல்.
விறகு இருந்தது.
சுட மாவு இல்லை.

ஒவ்வொரு தலையிலும்
என் சுத்தியல் பட்ட பள்ளம்.

வெளியே வந்து வெகுநேரம்
மூட்டைகளை இறக்காமல் நின்றேன்.
கிழக்குக் கோடி வீட்டில் ஒரு குழந்தை இருமியது.
அதற்கப்புறம்தான் கயிற்றை அவிழ்த்தேன்.

நேற்று ஒரு பெல்ஜியக்காரன் வந்திருந்தான்.
பத்து வருஷம் முடியப்போகிறதாம்,
முன்கூட்டியே அளந்து வைக்க வேண்டுமாம்.
பச்சைத் தலை முளைகள்.
ஒன்பது கழுதையும் வேண்டும் என்றான்.

எட்டுதான், என்றேன்.
விலையை ஏற்றினான்.
மறுபடியும் ஏற்றினான்.

எட்டுதான், ஐயா.
ஒன்று தேஹ்நமக் போகிறது.